கிளம்பட்டுமா, இருக்கட்டுமா?

2025 மே 8. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டிருந்த நாட்கள். இரவு பத்தரை மணி இருக்கும். அத்தை மகனிடமிருந்து போன். எல்லைக்குப் பக்கத்திலுள்ள ஒரு நகரத்தில் அவனுக்கு வேலை. அன்று அங்கே விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொல்லியிருந்தார்கள். இருட்டில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினான். "மச்சான், நான் கிளம்பட்டுமா, இருக்கட்டுமா?"

எனக்கு என்ன தெரியும்? வெகுதூரத்தில், விளக்கெரியும் அறையில், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். ஒரு சேனலில் கராச்சித் துறைமுகம் தரைமட்டம். இன்னொன்றில் பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைது. இரண்டும் நடக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவனுடைய கீழ் வீட்டுக்காரர் செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சேனலில் பின்னணி இசைபோல சைரனை ஓட விட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நிஜமாகவே ஊரில் சைரன் ஊதினால் எனக்கு வித்தியாசம் தெரியாது மச்சான், என்றான். (இரண்டு நாள் கழித்து, நிகழ்ச்சிகளில் அந்த ஒலியைப் போடாதீர்கள் என்று அரசே ஊடகங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.)

போர்க்கால உரைகளைத் தேடிப்பிடித்து வாசிக்கிற பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு. சொல்லழகுக்காக வாசித்தேன் என்பதுதான் உண்மை. கிரிக்கெட் பிடித்தவன் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பதுபோல. அந்த இரவுக்குப் பிறகு அப்படி வாசிக்க முடியவில்லை. எந்தத் தலைவரின் பேச்சை எடுத்தாலும் அத்தை மகனின் காதோடுதான் கேட்கிறேன். இதைக் கேட்டவனுக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா? அவனுக்கு என்ன நேரப்போகிறது என்பதை யாராவது அவனிடம் சொன்னார்களா? இந்தக் காதோடு கேட்டால் புகழ்பெற்ற உரைகள் பலவும் வேறு மாதிரி ஒலிக்கின்றன.

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டைப் பள்ளியில் படித்திருப்போம். பாண்டிய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. பசுக்கள், பசுவின் இயல்புடைய பார்ப்பனர்கள், பெண்கள், நோயாளிகள், முன்னோருக்குக் கடன் செய்யப் புதல்வரைப் பெறாதவர்கள் என்று வரிசையாகக் கூப்பிட்டு, "எம் அம்பு கடிவிடுதும், நும் அரண் சேர்மின்" என்று அறிவிக்கிறது. அறப்போர் என்று தலைப்புப் போட்டுப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிட்டோம்.

ஆறே சொல். யார் அடிக்கப்போகிறார்கள் என்பது அதில் இருக்கிறது: எம் அம்பு. எப்போது: கடி, அதாவது விரைவில். நீ என்ன செய்ய வேண்டும்: உன் அரணுக்குப் போய்விடு. வீரமோ வம்சப் பெருமையோ அதற்குள் இல்லை. இத்தனைக்கும் இது எதிரி நாட்டு மக்களிடம் சொல்வது. திடீர்த் தாக்குதலின் அனுகூலத்தை விட்டுக்கொடுத்துவிட்டுச் சொல்வது. புகழ்ப்பாட்டு என்பதால் அரசன் அப்படியே செய்தான் என்பதற்கு இது சாட்சி ஆகாது. ஆனால் நல்ல அரசன் ஒருவன் போருக்கு முன் எப்படிப் பேச வேண்டும் என்று அந்தக் காலத்தில் எதிர்பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சிதான்.

பட்டியலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற, நோய்நொடி இல்லாத, சண்டைக்கும் போகாத ஒரு சாதாரண உழவன் அதில் இல்லை. அறிவிப்பு அவனுக்கு இல்லை. யாரை நோக்கிப் பேசுகிறார்கள் என்பதில் யாரை நோக்கிப் பேசவில்லை என்பதும் சேர்ந்தே இருக்கிறது. இது இரண்டாயிரம் வருடமாகத் தொடர்கிற சங்கதி. பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

போர்க்கால உரை என்றதும் எல்லோரும் சர்ச்சிலைத்தான் சொல்வார்கள். 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் பேசியதில் நினைவில் நிற்பது, கடற்கரைகளில் போரிடுவோம் என்று வருகிற கடைசிப் பகுதி. முழு உரையை எடுத்து வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். பெரும்பகுதி வரவு செலவுக் கணக்கு. ஜெர்மன் படை வளைத்திருந்த பிரெஞ்சுத் துறைமுகம் டன்கர்க்கிலிருந்து 3,35,000 பேரைக் கொண்டுவந்துவிட்டோம். 30,000 பேருக்கு மேல் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போயிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1,000 பீரங்கிகள் போய்விட்டன. அங்கிருந்த வண்டிகள் எல்லாமே போய்விட்டன. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் நடந்தது மாபெரும் ராணுவப் பேரழிவு என்று அவரே சொல்கிறார். தப்பித்து வந்ததை வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள், பின்வாங்கி யாரும் போரை வென்றதில்லை என்கிறார். இத்தனையையும் எண்ணி வைத்த பிறகுதான் கடற்கரை வருகிறது. அந்தக் கணக்கு இல்லாமல் கடைசி வரிகள் மட்டும் இருந்திருந்தால் அது வெறும் மேடை வசனம்.

(ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த உரையை அன்று அவர் குரலிலேயே வானொலியில் கேட்டதாகப் பின்னாளில் பலர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். அன்று அது ஒலிபரப்பாகவே இல்லை. செய்தி வாசிப்பவர்தான் சில பகுதிகளைப் படித்தார். இன்று நாம் கேட்கிற பதிவு, போர் முடிந்து 1949இல் அவர் மறுபடி பேசிக் கொடுத்தது.)

சரி, இதோடு சர்ச்சிலுக்கு மாலை போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றால், பதின்மூன்றே நாளில் வேறொன்று நடக்கிறது. ஜூன் 17, பிரெஞ்சுக் கடற்கரையில் சென் நசேர் அருகே, படையினரையும் பொதுமக்களையும் ஏற்றிக்கொண்டிருந்த லங்காஸ்ட்ரியா கப்பலை ஜெர்மன் விமானங்கள் மூழ்கடித்தன. குறைந்தது 3,000 பேர் செத்தார்கள். பத்திரிகைகளில் இன்றைக்குப் போதுமான அழிவு வந்தாகிவிட்டது என்று சர்ச்சில் அந்தச் செய்தியை நிறுத்தினார். சில நாளில் வெளியிடலாம் என்றுதான் இருந்தாராம். அடுத்தடுத்து நெருக்கடிகள் வந்ததில் தடையை நீக்க மறந்துபோய்விட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். மறந்துபோய்விட்டதாம்! ஐந்து வாரம் கழித்து அமெரிக்கப் பத்திரிகை வழியாகத்தான் விஷயம் பிரிட்டனுக்குள் வந்தது. அதுவரை அந்தக் குடும்பங்கள் கடிதத்துக்குக் காத்திருந்தன.

ஒரே ஆள், ஒரே மாதம். எனக்கு இதில் தோன்றுவது இதுதான். டன்கர்க்கை மறைக்க முடியாது. அழுக்கும் கந்தலுமாக லட்சக்கணக்கான சிப்பாய்கள் ரயில் நிலையங்களில் வந்து இறங்கிவிட்டார்கள், ஊரே பார்த்துவிட்டது. லங்காஸ்ட்ரியா கடலுக்கடியில் கிடந்தது. மறைக்க முடியாததைத் தைரியமாகச் சொல்வது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறைக்க முடிந்த ஒன்றை ஒரு தலைவர் என்ன செய்தார் என்று பார்த்தால்தான் அவர் மக்களை எப்படி எடை போட்டு வைத்திருக்கிறார் என்பது தெரிகிறது.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் வழி வேறு. பன்னிரண்டு வருட ஆட்சியில் அவருடைய புகழ்பெற்ற வானொலிப் பேச்சுகள் மொத்தமே முப்பது சுமார்தான். அடிக்கடி பேசினால் சொல்லின் மதிப்புக் குறைந்துவிடும் என்று கவனமாக இருந்தார். 1942 பிப்ரவரி 23 அன்று பேசப்போவதற்கு முன்னால், உலக வரைபடம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். பத்திரிகைகள் வரைபடம் அச்சிட்டன, கடைகளில் வரைபடங்கள் விற்றுத் தீர்ந்தன. ஆறு கோடிப் பேருக்கு மேல் கேட்டதாகக் கணக்கு. பசிபிக் கடல் எவ்வளவு பெரியது, பிலிப்பைன்ஸுக்கு ஏன் உடனே உதவி அனுப்ப முடியவில்லை, கப்பல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒரு பூகோள வாத்தியார்போல விளக்கினார். ஜப்பான் தாக்கிய பேர்ல் ஹார்பரில் இறந்தவர்கள் 2,340, காயமடைந்தவர்கள் 946 என்று எண்ணிக்கையைச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கலிபோர்னியாக் கரையிலிருந்த எண்ணெய்க் கிடங்கின்மீது குண்டு வீசிக்கொண்டிருந்தது. கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த உரையில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. மிக மோசமான செய்தியையும் கலங்காமல் கேட்க உங்களால் முடியும் என்று உங்கள் அரசு நம்புகிறது; பதிலுக்கு, எதிரிக்கு உதவக்கூடிய தகவலைத் தவிர வேறெதையும் அரசு உங்களிடமிருந்து மறைக்கவில்லை என்று நீங்கள் நம்ப வேண்டும். இவ்வளவுதான். போர்க்காலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். படை எங்கே நிற்கிறது, நாளை எந்தப் பாலத்தைக் கடக்கும் என்று வானொலியில் சொல்ல முடியுமா? மறைப்பதற்கு ஓர் எல்லைக்கோடு உண்டு, அது எதிரியின் லாபம், என் சங்கடம் அல்ல, என்று ஒரு தலைவர் வாய்விட்டுச் சொன்னதுதான் அதில் விசேஷம். தோற்ற சண்டை, தவறிய கணக்கு, கவிழ்ந்த திட்டம் ஆகியவை எதிரிக்கு ஏற்கெனவே தெரியும். அவன்தானே செய்தான். அப்படியிருக்க அதை மறைப்பது யாரிடமிருந்து?

ஆனால் இங்கேயும் அந்தப் பட்டியல் குறுக்கே வந்து நிற்கிறது. இந்த உரைக்கு நான்கு நாள் முன்பு, பிப்ரவரி 19 அன்று, ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை, அதில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், வீட்டைவிட்டுப் பெயர்த்து முகாம்களில் அடைக்க வழி செய்த ஆணை அது. வரைபடத்தோடு உட்கார்ந்து கேட்டவர்களில் அந்தக் குடும்பங்களும் இருந்திருப்பார்கள். பசிபிக் கடலின் அகலத்தைச் சொன்னவர், அவர்கள் மூட்டை கட்ட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல, தெருக்கம்பங்களில் ஒட்டிய அறிவிப்புத்தாள்கள் வந்தன.

பொய் சொன்னவர்களின் கதையைச் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. 1942 ஜூனில் அமெரிக்காவோடு நடந்த மிட்வே போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. ஒன்று மூழ்கியது, ஒன்றுக்குப் பலத்த சேதம் என்று மக்களுக்கு அறிவித்தார்கள். திரும்பி வந்த காயம்பட்ட மாலுமிகளை யாரும் பார்க்க முடியாதபடி மருத்துவமனையில் ஒதுக்கி வைத்தார்கள். மூன்று வருடம் இப்படியே ஓட்டிவிட்டு, 1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் பேரரசர் ஹிரோஹிட்டோவின் குரல் முதன்முறையாக வானொலியில் வந்தது. அரண்மனை மொழி, கரகரத்த ஒலிப்பதிவு, சரணடைதல் என்ற சொல்லே கிடையாது. போர்நிலை ஜப்பானுக்குச் சாதகமாக அமைந்தது என்று சொல்லிவிட முடியாது என்கிற மாதிரி ஒரு வாக்கியம். இரண்டு நகரங்கள் சாம்பலான பிறகு! கேட்டவர்களில் பலர், தொடர்ந்து போரிடச் சொல்கிறாரா நிறுத்தச் சொல்கிறாரா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அறிவிப்பாளர் விளக்கிய பிறகுதான் புரிந்தது.

எகிப்தின் கதை இன்னும் பாடமானது. 1967 ஜூன் 5 காலையில் இஸ்ரேல் தாக்கியதில் அதன் விமானப்படையின் பெரும்பகுதி தரையிலேயே அழிந்துவிட்டது. கெய்ரோ வானொலியோ எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய எண்ணிக்கையை மணிக்கு மணி ஏற்றிக்கொண்டிருந்தது. அதே பொய்க் கணக்கு ஜோர்டான் மன்னர் ஹுசேனுக்கும் போயிற்று. அவரும் களத்தில் இறங்கி, கிழக்கு ஜெருசலேமையும் மேற்குக் கரையையும் இழந்தார். சொந்த மக்களுக்கென்று சமைத்த பொய்யை நட்பு நாடும் சாப்பிட்டுவிட்டது. ஜூன் 9 அன்று எகிப்து அதிபர் நாசர் தொலைக்காட்சியில் தோன்றி, நடந்ததற்கு நக்ஸா என்று பெயரிட்டார். நம் செய்தித்தாள்களுக்குப் பிடித்த 'பின்னடைவு' இருக்கிறதே, அதற்கு நேரான சொல். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று அதே உரையில் பதவி விலகலை அறிவித்தார். லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் போகாதே என்று அழ, மறுநாள் அதைத் திரும்பப் பெற்றார். ஐந்து நாள் பொய்க்குப் பிறகும், என் தப்பு என்ற ஒற்றை வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

பொய்யும் இல்லை, மழுப்பலும் இல்லை, மனதாரப் பேசினார், இருந்தும் கெடுத்துவிட்டார் என்பதற்கு உதாரணம் நேரு. 1962 நவம்பரில் சீனப் படை இன்றைய அருணாச்சலத்திலுள்ள பொம்டிலாவைப் பிடித்துவிட்டது. அடுத்து அஸ்ஸாம் சமவெளிதான். 19ஆம் தேதி நேரு வானொலியில் பேசினார். அஸ்ஸாம் மக்களை நினைத்து என் நெஞ்சு உருகுகிறது என்றார். ஆக்கிரமித்தவன் வெளியேறும்வரை ஓயமாட்டோம் என்றும் அதே உரையில் சொன்னார், அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு அது வழியனுப்புகிற குரலாக இருந்தது. உங்களைக் கைவிட்டுவிட்டோம், வருத்தமாக இருக்கிறது என்பதுபோல. தேஜ்பூரில் வங்கிப் பணத்தைக் கொளுத்தினார்கள், மனநல மருத்துவமனையின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள், மாவட்ட ஆட்சியரே ஊரைவிட்டுப் போய்விட்டார். மக்கள் படகேறிப் பிரம்மபுத்திராவைக் கடந்தார்கள். இரண்டு நாளில் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்துத் திரும்பிப் போனது. படை போய்விட்டது. அந்த வாக்கியம் போகவில்லை. அறுபது வருடம் ஆகியும் அஸ்ஸாமில் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

நேருவின் துக்கம் பொய் அல்ல. ஆனால் அந்த வானொலியைக் கேட்ட தேஜ்பூர்க்காரருக்கு வேண்டியிருந்தது அவருடைய நெஞ்சு அல்ல. ஆற்றைக் கடக்கலாமா, அரசாங்கம் இருக்கிறதா, நாளை யார் வருவார்கள் என்பது. (இதே நேரு, போர் நடந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றத்தைக் கூட்டினார். முப்பதுகளில் இருந்த வாஜ்பாய் உட்பட எதிர்க்கட்சியினர் அவரை நேருக்கு நேர் கிழித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் ஊரறியக் கேட்டுக்கொண்டார். அந்த வகையில் அவருக்குப் பிறகு வந்த பலரைவிட உசத்திதான்.)

உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 2022 பிப்ரவரி 25 மாலை, கீவில் அதிபர் மாளிகைக்கு வெளியே தெருவில் நின்று, கையில் செல்போனைப் பிடித்து எடுத்த அரை நிமிட வீடியோ. ஓடிவிட்டார் என்று வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரம். பிரதமர் இங்கே, ஆலோசகர் இங்கே, நாங்கள் எல்லோரும் இங்கே இருக்கிறோம் என்று ஒவ்வொருவராகக் காட்டினார். அலங்காரம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஊரில் ஒருவனுக்குத் தெரிய வேண்டியிருந்த ஒரே விஷயம் அதில் இருந்தது.

இன்னொரு மனம், போருக்கு முந்தைய மாதங்களைக் கேட்கிறது. ரஷ்யா பாயப்போகிறது என்று அமெரிக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அவரோ பீதியைக் கிளப்பாதீர்கள் என்றார். ஏன் மக்களை எச்சரிக்கவில்லை என்று அந்த ஆகஸ்டில் ஒரு பேட்டியில் கேட்டபோது, அப்படிச் சொல்லியிருந்தால் மாதம் 700 கோடி டாலர் இழந்திருப்போம், ஆட்களும் போயிருப்பார்கள், ரஷ்யர்கள் வந்தபோது மூன்று நாளில் நாடு கையைவிட்டுப் போயிருக்கும் என்றார். உக்ரைனுக்குள்ளேயே பலருக்கு ஆத்திரம் வந்தது. தெரிந்திருந்தால் என் பிள்ளையை முன்னமே அனுப்பியிருப்பேனே என்றார்கள். அவர் கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். எல்லோரும் கிளம்பியிருந்தால் நாடு நின்றிருக்காது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிளம்பட்டுமா இருக்கட்டுமா என்ற கேள்விக்கு அவர்களைக் கேட்காமலே, அவர்கள் சார்பில், இரு என்று பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதிலின் விலையைக் கொடுத்தவர் அவர் மட்டுமல்ல. நாட்டைக் காப்பாற்றிய மௌனம் என்று நாளைக்கு வரலாறு எழுதினாலும் எனக்கு இந்த இடம் உறுத்திக்கொண்டேதான் இருக்கும்.

மே மாதத்துக்குத் திரும்புகிறேன். அந்த நான்கு நாளில் அரசுத் தரப்பில் யாருமே பேசவில்லை என்று சொல்ல முடியாது. 7ஆம் தேதி காலையிலேயே வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி, கர்னல் சோஃபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் மூவரும் உட்கார்ந்து, இந்தியா ஒன்பது இடங்களில் தாக்கியதை இடம் பெயரோடு சொன்னார்கள். சத்தம் போடாமல், மார் தட்டாமல் பேசினார்கள். சேனல்களின் கூச்சலுக்கு நடுவே அந்த மேசை ஒன்றுதான் ஆறுதல். பிரதமர் நாட்டு மக்களிடம் உரையாற்றியது 12ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு. போர் விவரத்தை அதிகாரிகள் சொல்வதே முறை, தலைவர் வாயைக் கட்டுவதில் ஒரு நிதானம் இருக்கிறது என்று வாதிடலாம். நானும் பாதி ஒப்புக்கொள்வேன்.

என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது வேறு. 10ஆம் தேதி மாலை சண்டை நிற்கிறது என்ற செய்தி முதலில் வந்தது அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் சமூக வலைத்தளப் பதிவில். நம் அறிவிப்பு அதற்குப் பிறகு வந்தது. நம் விமானப்படைக்கு இழப்பு ஏற்பட்டதா என்ற கேள்விக்கு, இழப்புகள் போரின் ஒரு பகுதி என்று 11ஆம் தேதி டெல்லியில் ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி சொன்னார். விமானங்களை இழந்தோம், தவறு என்ன என்று கண்டறிந்து சரிசெய்து மறுபடி பறந்தோம் என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் வெளிப்படையாகச் சொன்னது மே 31. சொன்ன இடம் சிங்கப்பூர். கேட்டது வெளிநாட்டு ஊடகம். எண்ணிக்கையை அப்போதும் சொல்லவில்லை, அதற்கு ராணுவக் காரணம் இருக்கலாம், இருக்கட்டும். தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினோம் என்பது தலைகுனிய வேண்டிய விஷயமா என்ன? கேட்கிறவனுக்கு மரியாதை கூடுகிற செய்தி அது. அதை நம் வீட்டுக்குள், நம் மொழிகளில் சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் நடந்ததை அடுத்த வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறபோது, விஷயத்தைவிட அந்த வழிதான் முதலில் சுடுகிறது.

இத்தனையும் எழுதிவிட்டு, ஈழப்போர் முடிந்த வன்னியைத் தொடாமல் போனால், தமிழில் எழுதுகிறவன் என்ற முறையில் அது நேர்மையாக இருக்காது.

2009 ஜனவரியில் இலங்கை அரசு ஒரு பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து மக்களை அங்கே போகச் சொன்னது. நும் அரண் சேர்மின். மக்கள் போனார்கள். ஐநா பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கப்பட்ட மூன்று வலயங்களின்மீதும் அரசுப் படை பெருமளவில் ஷெல் அடித்தது என்கிறது. மக்களை ஓரிடத்தில் குவியச் சொன்ன அதே அரசு. கொழும்பில் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது, பொதுமக்கள் இழப்பு பூஜ்யம் என்பதே எங்கள் கொள்கை என்று. உள்ளே இருப்பவர்கள் 70,000 பேர்தான் என்றும் சொன்னார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் உணவும் மருந்தும் போயின. கடைசியில் உயிரோடு வெளியே வந்து முகாம்களில் அடைபட்டவர்களே ஏறத்தாழ 2,90,000 பேர். வெறும் பிரசாரப் பொய் என்றால் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம். இந்தப் பொய் கஞ்சியின் அளவைத் தீர்மானித்தது. கொல்லப்பட்டவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது ஐநா குழு.

எதிர்த்தரப்பின் தலைவர், விடுதலைப் புலிகளின் பிரபாகரனும் பேசியவர்தான். ஆண்டுதோறும் நவம்பர் 27, மாவீரர் நாள் உரை. வன்னியிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அதற்காகக் காத்திருந்து கேட்பார்கள். கடைசி உரை 2008இல். மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த மாதங்கள் அதற்குப் பிறகு வந்தவை. தப்பிக்க முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள் என்பதும் அதே ஐநா அறிக்கையில் இருக்கிறது. ஒரு பக்கம் போகச் சொன்ன இடத்தில் குண்டு விழுந்தது, மறுபக்கம் போகவே விடவில்லை. நடுவில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல இரண்டு தலைவர்களும் இல்லை.

2009 மே 19 அன்று நாடாளுமன்றத்தில் வெற்றி உரை ஆற்றிய அன்றைய அதிபர் மகிந்த ராஜபக்ச, தொடக்கத்தில் தமிழில் பேசினார். தமிழ் மக்களைக் காப்பது என் கடமை என்றார். அப்புறம் சிங்களத்தில், இனி இந்த நாட்டில் சிறுபான்மையினர் என்று யாரும் இல்லை என்றார். எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற தமிழ்தான், ஆனாலும் தமிழ். நான் அந்த ஒளிப்பதிவைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அத்தை மகனின் காது வாய்த்த பிறகு ஒருமுறை பார்த்தபோது, இதைக் கேட்க வேண்டியவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. முள்கம்பிக்குள். யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எந்த முகாமில், ராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். உரை அவர்கள் மொழியில் இருந்தது. அவர்கள் கேட்டது எதுவும் அதில் இல்லை.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களோடு சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று வருடம் ஆகப்போகிற நேரத்தில், 2020 ஜனவரியில், அப்போதைய அதிபர் கோத்தாபய ராஜபக்ச அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார். காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரித்து மரணச் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்யலாம் என்று. சொன்னது கொழும்பிலிருந்த ஐநா பிரதிநிதியிடம். அதிபரின் ஊடகப் பிரிவு அதை அறிக்கையாக வெளியிட்டது, பத்திரிகைகள் அச்சிட்டன. பந்தலில் இருந்தவர்கள் அதைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், யார் கையால் என்று அதில் ஒன்றும் இல்லை. மறுநாளும் படங்களை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள்.